மடக்குக் கத்தி வாங்கும்போது ஆட்டிப் பாருங்கள்

கூர்மையை அப்புறம் பார்க்கலாம், முதலில் கத்தியை முழுதாகத் திறந்து, பிடியை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, அலகை அதன் முதுகுப் பக்கமாகப் பிடித்து இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் ஆட்டிப் பாருங்கள். நன்றாகவே ஆடினால் வேண்டாம். கயிறு, சாக்கு, அட்டைப்பெட்டி என்று தினமும் அறுக்கும்போது பாரமெல்லாம் அலகும் பிடியும் சேரும் மூட்டு ஆணியிலும், திறந்த அலகு மடங்காமல் பிடித்து நிறுத்தும் லாக்கிலும்தான் விழும், கடையிலேயே ஆடுவது வேலையில் இன்னும் தளரும், லாக் நழுவினால் அலகு மடங்குவது நம் விரல் மேல். கூர் போனால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம், தேய்ந்த மூட்டை அப்படிச் சரிசெய்ய முடியாது.

மூட்டில் ரிவெட்டுக்குப் பதிலாகத் திருகாணி இருந்தால் மட்டும் உடனே ஒதுக்காதீர்கள், கொஞ்சம் முறுக்கிய பிறகு பக்கவாட்டு ஆட்டம் நின்று, மடக்குவதும் இறுகாமல் இருந்தால் சரி. மேலும் கீழுமாக ஆடுவதற்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது.