பைத்தான் உங்கள் மாட்யூலை எங்கே தேடுகிறது? தேடும் இடத்தை மாற்றுவது எப்படி?

மாட்யூல் என்பது இன்னொரு ஸ்கிரிப்டில் இம்போர்ட் செய்து பயன்படுத்தும் பைத்தான் ஃபைல். அந்த ஃபைல் கண்ணெதிரே இருக்கும். பைத்தான் மட்டும் 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்' என்று அடம் பிடிக்கும். காரணம் எளிது: அது கணினி முழுக்கத் தேடுவதில்லை. அதன் கையில் ஒரு ஃபோல்டர் பட்டியல் இருக்கிறது. அதை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும்.

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: பட்டியலைப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தகராறு செய்யும் உங்கள் ஸ்கிரிப்டின் மேலேயே இந்த இரண்டு வரிகளைச் சேருங்கள்:

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.பாத்)

வரும் பட்டியலில் முதலில் இருப்பது ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர். டெர்மினலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அல்ல. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அடுத்து 'பைத்தான்பாத்' என்ற சூழல் மாறியில் (டெர்மினலில் பெயர் சூட்டி வைக்கும் மதிப்பு, படி 3-இல் வரும்) நீங்கள் கொடுத்தவை, அப்புறம் பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, கடைசியில் 'சைட்-பேக்கேஜஸ்'. பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவுபவை போய்ச் சேரும் இடம் அது.

படி 2: பெயர் மோதுகிறதா?

ஆரம்பத்தில் நான் ஒரு பயிற்சி ஃபைலுக்கு 'ரேண்டம்.பிஒய்' என்று பெயர் வைத்தேன். உள்ளே பைத்தானோடு வரும் ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்து அதன் 'ரேண்டிண்ட்' ஃபங்ஷனைக் கேட்டால், அப்படி ஒன்று இல்லை என்று எரர். அரை நாள் போனது. பட்டியலில் என் ஃபோல்டர்தானே முதலில்? பைத்தான் என் ஃபைலையே ரேண்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது!

சந்தேகம் வந்தால் பிரிண்ட்(ரேண்டம்.__ஃபைல்__) என்று கேளுங்கள், எந்த ஃபைலை எடுத்தது என்று சொல்லிவிடும். 'ஃபைல்' என்பதற்கு இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள்.

படி 3: தற்காலிகமாக ஒரு ஃபோல்டரைச் சேர்க்க

உங்கள் பொதுவான ஃபைல்கள் 'டூல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸிலும் மேக்கிலும்:

எக்ஸ்போர்ட் பைத்தான்பாத்=$ஹோம்/டூல்ஸ்

விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில்:

செட் பைத்தான்பாத்=சி:\டூல்ஸ்

'பைத்தான்பாத்', '$ஹோம்' இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. பல ஃபோல்டர்கள் என்றால் இடையில் லினக்ஸ், மேக்கில் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. டெர்மினலை மூடினால் எல்லாம் மறந்துவிடும்.

இதையே நிரந்தரமாகப் போட்டுவிடச் சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்தக் கணினியில் உள்ள எல்லா பைத்தான் பதிப்புகளுக்கும் அது பொருந்தும். ஒன்றுக்கு வைத்த மருந்து இன்னொன்றைப் படுக்க வைக்கும். 'சிஸ்.பாத்.அப்பெண்ட்' என்று கோடுக்குள்ளேயே எழுதலாம்தான், ஆனால் அதே கோடு வேறு கணினிக்குப் போனதும் உடையும்.

படி 4: நிரந்தரமாக, ஒரு ப்ராஜெக்டுக்கு மட்டும்

'வென்வ்' ஒரு ப்ராஜெக்டுக்கென்றே தனி பைத்தான் சூழலை, அதற்கென்று தனி சைட்-பேக்கேஜஸோடு, உருவாக்கித் தரும். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய்:

பைத்தான்3 -எம் வென்வ் என்வ்
சோர்ஸ் என்வ்/பின்/ஆக்டிவேட்

விண்டோஸில் முதல் வரியில் 'பைத்தான்3'க்குப் பதில் 'பிஒய்'. இரண்டாவது வரி என்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட். 'வென்வ்' 3.3 பதிப்பிலிருந்தே பைத்தானோடு வருகிறது, தனியாக இறக்க வேண்டாம். சில லினக்ஸ்களில் மட்டும் அதைத் தனி பேக்கேஜாகப் பிரித்து வைத்திருப்பார்கள்.

இப்போது 'என்வ்' ஃபோல்டருக்குள் இருக்கும் சைட்-பேக்கேஜஸைத் தேடிப் பிடியுங்கள். அதில் 'டூல்ஸ்.பிடிஹெச்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, டூல்ஸ் ஃபோல்டரின் முழுப் பாதையை ஒரே வரியில் எழுதுங்கள். முழுப் பாதை என்றால் முழுப் பாதை: '$ஹோம்' போன்ற சுருக்கம் இங்கே செல்லாது. பாதை தவறாக இருந்தால் பைத்தான் எரர்கூடக் காட்டாது, கண்டுகொள்ளாமல் போய்விடும். நோட்பேட் சத்தமில்லாமல் கடைசியில் '.டிஎக்ஸ்டி' ஒட்டிவிடும், அதையும் கவனியுங்கள்.

சரி, படி 1-ஐ மறுபடி ஓட்டுங்கள். பட்டியலின் கடைசியில் உங்கள் டூல்ஸ் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பெரும்பாலும் அந்த ஒற்றை வரியிலோ ஃபைல் பெயரிலோ எங்கோ எழுத்துப்பிழை.