கவுண்டி எல்லை நகர்ந்தால் காகிதம் எங்கே இருக்கும்? அமெரிக்க முன்னோரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்டக்கி ஆற்றின் தென்கரையில் 1775ல் டேனியல் பூன் ஒரு கோட்டைக் குடியிருப்பை எழுப்பினார். பூன்ஸ்பரோ என்று பெயர். அந்த வருடம் அங்கே வந்து மரக்குடில் போட்டுக்கொண்டு, அதன்பின் எங்கும் போகாமல் அங்கேயே இருந்துவிட்ட ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கியபோது அவர் இருந்தது வர்ஜீனியாவின் ஃபின்காஸில் கவுண்டி. (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, மாநிலத்துக்குள் ஒரு பிரிவு.) 1776 முடிவில் அந்தக் கவுண்டியையே கலைத்துவிட்டார்கள். அவர் கென்டக்கி கவுண்டிக்காரர் ஆனார். 1780ல் கென்டக்கி கவுண்டியை ஃபயெட், ஜெஃபர்சன், லிங்கன் என்று மூன்றாக உடைத்தார்கள். ஆற்றுக்குத் தெற்கே இருந்த அவர் லிங்கனில் விழுந்தார். 1785ஆம் வருடச் சட்டப்படி லிங்கனிலிருந்து மேடிசன் பிரிந்தது. 1792ல் கென்டக்கி தனி மாநிலமானது. பதினேழு வருடத்தில் நான்கு கவுண்டி, இரண்டு மாநிலம். மனிதரோ அடுப்பைக்கூட இடம் மாற்றவில்லை.

இப்போது அவருடைய வாரிசு ஒருவர் இணையத்தில் உட்கார்ந்து, ‘பூன்ஸ்பரோ எந்தக் கவுண்டி?’ என்று தேடுகிறார். மேடிசன் என்று பதில் வருகிறது. மேடிசன் கவுண்டிப் பதிவுகளில் 1778ஆம் வருடத்து உயிலைத் தேடுகிறார். கிடைக்காது. மேடிசன் அப்போது பிறக்கவே இல்லை. இன்றைய வரைபடத்தை வைத்துப் பழைய காகிதத்தைத் தேடுவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் அதுவே மூலம். ‘எந்த ஊர்?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘அந்த நிலம் அந்த வருடத்தில் எந்தக் கவுண்டி நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது?’ என்று கேட்க வேண்டும்.

அந்தக் காலத்து வர்ஜீனியாவில் கவுண்டி நீதிமன்றம் என்றால் வழக்கு மட்டும் அல்ல. கிரயப் பத்திரம், உயில், திருமணம், வரி, ரோடு போடும் உத்தரவு, அநாதைப் பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமனம் எல்லாம் அங்கேதான். ஒரு குடும்பத்தின் தடயம் முழுக்க அந்த ஒரு கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். அதனால் கவுண்டியைத் தவறாகப் பிடித்தால் ஒரு காகிதம் அல்ல, மொத்தக் குடும்பமும் கைநழுவிப் போகும்.

பழைய புத்தகம் புதுக் கவுண்டிக்கு வராது

கவுண்டி பிரியும்போது அதற்குரிய பதிவுகளும் பிரிந்து வந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது அபூர்வம். கிரயப் பத்திரங்களைத் தைத்த தடித்த புத்தகத்தில் யாருடைய நிலம் புதுக் கவுண்டிக்குப் போகிறது என்று பார்த்துப் பக்கம் பக்கமாகக் கிழிக்கவா முடியும்? எழுதிய காகிதம் எழுதிய இடத்திலேயே இருக்கும். பிரிவினைக்குப் பிறகு எழுதப்படுவது மட்டும் புது இடத்தில் இருக்கும். பிற்காலத்தில் சில கவுண்டிகள் தாய்க் கவுண்டியிலிருந்து நகல் எடுத்து வைத்துக்கொண்டதுண்டு. ஆனால் அதை நம்பித் தேடலைத் தொடங்கக் கூடாது.

தாய்க் கவுண்டியே இல்லாமல் போனால்? ஃபின்காஸில் கவுண்டி நான்கே வருடம் வாழ்ந்தது, 1772 முதல் 1776 வரை. அது மான்ட்கோமரி, வாஷிங்டன், கென்டக்கி என்று மூன்றானது. அதன் பதிவுகள் மான்ட்கோமரி கவுண்டிக்குச் சேர்ந்தன; கிறிஸ்டியன்ஸ்பர்க் ஊரில் கேட்க வேண்டும். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. வர்ஜீனியாவில் இன்றும் ஃபின்காஸில் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே நீதிமன்றமும் உண்டு. ஆனால் அது பாட்டடாட் கவுண்டியின் தலைநகர். ஃபின்காஸில் கவுண்டியில் அது இருந்ததே இல்லை. ஃபின்காஸில் கவுண்டியின் நீதிமன்றம் கூடியது இன்றைய வைத் கவுண்டியில், ஈயச் சுரங்கம் இருந்த இடத்தில். பெயரைப் பார்த்து ஊருக்குக் கார் ஓட்டிப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

உருவான வருடம் ஒன்று, கூடிய வருடம் ஒன்று

எந்தப் பட்டியலிலும் ஆகஸ்டா கவுண்டி 1738ல் உருவானது என்றுதான் இருக்கும். தவறில்லை, சட்டம் வந்த வருடம் அது. ஆனால் அங்கே அப்போது போதுமான ஆட்கள் இல்லை. ஆகஸ்டாவின் நீதிமன்றம் முதன்முதலாகக் கூடியது 1745 டிசம்பரில். நடுவில் உள்ள ஏழு வருடம், ஷெனாண்டோ பள்ளத்தாக்கின் அந்தப் பகுதி மக்கள் மலையைத் தாண்டி ஆரஞ்சு கவுண்டிக்குத்தான் போனார்கள். 1741ல் வாங்கிய நிலத்தை ஆகஸ்டாவில் தேடிவிட்டு ‘பதிவே இல்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

ஆகவே ஒரு கவுண்டிக்கு மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சட்டம் நிறைவேறிய தேதி, அது நடைமுறைக்கு வந்த தேதி, நீதிமன்றம் முதலில் கூடிய தேதி. தேடலுக்குப் பெரும்பாலும் கடைசித் தேதிதான் உதவும். சிகாகோவின் நியூபெரி நூலகம் தயாரித்த கவுண்டி எல்லை வரலாற்று அட்லஸ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைக் கோடு போட்டுக் காட்டும். இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான், குடும்ப மர ஆப்பை அல்ல.

குடும்பம் நகர்ந்ததா, கோடு நகர்ந்ததா?

வர்ஜீனியாவில் 1782 முதல் வருடாந்தர வரிப் பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஒருவர் ஒரு வருடம் லிங்கனிலும் பின்னொரு வருடம் மேடிசனிலும் இருந்தால், ‘குடிபெயர்ந்தார்’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதியபின் அந்தக் கற்பனைப் பயணத்துக்குக் காரணமும் தேடத் தோன்றும். செவ்விந்தியர் தாக்குதலுக்குப் பயந்தார், நல்ல மண்ணைத் தேடினார் என்றெல்லாம் குடும்ப வரலாறுகள் இப்படித்தான் வளர்கின்றன.

சோதித்துப் பார்க்க எளிய வழி, பக்கத்து வீட்டுக்காரர்கள். பழைய பட்டியலில் அவரோடு இருந்த அரை டஜன் பெயர்கள் புதுக் கவுண்டியின் பட்டியலிலும் அப்படியே வந்தால் யாரும் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. அவர் மட்டும் தனியாக வந்திருந்தால் உண்மையிலேயே குடிபெயர்ந்திருக்கலாம். இன்னொரு சான்று நீரோடை. அந்தக் காலத்து நில அளவைகள் மரத்தையும் பாறையையும் ஓடையையும் அடையாளம் வைத்து எழுதப்பட்டவை. இன்ன ஓடையின் கிளையோரம் இத்தனை ஏக்கர் என்று இருக்கும். கவுண்டி பெயர் மாறிக்கொண்டே போகும், ஓடை பெரும்பாலும் அதே பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். கவுண்டியை விட்டுவிட்டு ஓடையைப் பிடித்துக்கொண்டு போனால் நிலம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். என்னைக் கேட்டால், ஓடைப் பெயர் ஒன்று பத்துத் தேடல் முடிவுகளுக்குச் சமம்.

பெயர்க் குழப்பம் தனி ரகம். வாஷிங்டன் என்ற பெயரில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 30 கவுண்டிகள் இருக்கின்றன. அதையாவது மாநிலத்தை வைத்துப் பிரித்துவிடலாம். ஒரே மாநிலம் ஒரே பெயரை இரண்டு முறை வைத்தால்? வர்ஜீனியாவின் முதல் ஃபயெட் கவுண்டி 1792ல் கென்டக்கியோடு போய்விட்டது. 1831ல் வர்ஜீனியா இன்னொரு ஃபயெட்டை உருவாக்கியது. அதுவும் 1863ல் மேற்கு வர்ஜீனியாவோடு போய்விட்டது. ஜெஃபர்சன், மெர்சர் என்ற பெயர்களுக்கும் இதே கதைதான். பழைய ராப்பஹானக் கவுண்டி 1656 முதல் 1692 வரை இருந்தது, பிறகு எசெக்ஸ், ரிச்மண்ட் என்று பிரிந்தது. இன்றைய ராப்பஹானக் 1833ல் கல்பெப்பரிலிருந்து வந்தது, வேறு பகுதியில். பழையதன் பதிவுகளுக்கு எசெக்ஸ் போக வேண்டும். அப்புறம், ரிச்மண்ட் கவுண்டிக்கும் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கமும் பாருங்கள்

எல்லைக் கோடு சரியாகத் தெரிந்தபின்னும் ஒரு தவறு மிச்சம் இருக்கிறது: அந்த ஒரு கவுண்டியோடு நின்றுவிடுவது. இதற்கு ஆப்ரஹாம் லிங்கனின் பெற்றோரைவிட நல்ல உதாரணம் இல்லை. லிங்கன் 1809ல் கென்டக்கியின் ஹார்டின் கவுண்டியில் பிறந்தார். ஆகவே பெற்றோரின் திருமணப் பதிவையும் அங்கேயே தேடினார்கள். கிடைக்கவில்லை. தாமஸ் லிங்கனுக்கும் நான்சி ஹேங்ஸுக்கும் முறைப்படி கல்யாணமே ஆகவில்லை என்ற வம்புப் பேச்சு இதனால் வலுத்தது. உண்மையில் பத்திரம் பத்திரமாகத்தான் இருந்தது, பக்கத்து வாஷிங்டன் கவுண்டியின் ஸ்பிரிங்ஃபீல்ட் நீதிமன்றத்தில். மணமகன் பிணைத்தொகைக்கு உறுதி சொல்லிக் கையெழுத்திடும் அந்தத் திருமணப் பத்திரத்தின் தேதி 1806 ஜூன் 10. இரண்டு நாள் கழித்துக் கல்யாணம். நான்சி அப்போது வாஷிங்டன் கவுண்டியில் உறவினர் வீட்டில் இருந்தார். திருமணப் பதிவு பெண் வீட்டுக் கவுண்டியில் நடப்பதே அன்று வழக்கம். அந்தப் பத்திரம் வெளியே வந்தபோது லிங்கன் உயிரோடு இல்லை.

மாநில எல்லையே தகராறில் இருந்த இடங்களில் விஷயம் இன்னும் சுவாரசியம். பிட்ஸ்பர்க் பகுதியை வர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் ஒரே சமயத்தில் உரிமை கொண்டாடின. பென்சில்வேனியா 1773ல் அங்கே வெஸ்ட்மோர்லாண்ட் கவுண்டியை அமைத்தது. வர்ஜீனியாவோ 1775ல் தன் ஆகஸ்டா கவுண்டி நீதிமன்றத்தைப் பிட்ஸ்பர்க்கிலேயே கூட்டியது. அடுத்த வருடம் அந்தப் பகுதிக்கு யோஹோகேனியா என்று ஒரு கவுண்டியையும் அறிவித்தது. எல்லை உடன்பாடு 1780ல் உறுதியானபின் யோஹோகேனியாவின் நிலத்தில் பெரும்பகுதி பென்சில்வேனியா பக்கம் போய், சில வருடத்தில் கவுண்டியே மறைந்தது. ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு மாநிலங்களின் நீதிமன்றங்கள். குடியேறியவர் எந்தப் பக்கம் சாய்ந்தாரோ அந்தப் பக்கத்துப் புத்தகத்தில் இருப்பார். சில சமயம் இரண்டிலும் இருப்பார். நில விஷயத்தில் யார்தான் ஒரு பக்கத்தை மட்டும் நம்புவார்கள்?

தெற்கே ஹோல்ஸ்டன் ஆற்றுப் பக்கத்திலும் இப்படித்தான். தாங்கள் வர்ஜீனியாவில் இருப்பதாக நினைத்து அங்கே வரி கட்டியவர்கள், 1779ல் எல்லையை அளந்தபோது வட கரோலினாவில் இருப்பதாகத் தெரிந்தது. இன்று அந்த நிலம் டென்னஸியின் சல்லிவன் கவுண்டி. மூன்று மாநிலங்களின் காகிதத்தையும் புரட்ட வேண்டிய இடம் அது.

‘எரிந்துபோய்விட்டது’ என்று சீக்கிரம் சொல்லாதீர்கள்

பல நீதிமன்றங்கள் உண்மையிலேயே எரிந்தன. உள்நாட்டுப் போரில் பாதுகாப்புக்காக ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்த சில கவுண்டிகளின் பதிவுகள் 1865 ஏப்ரலில் அந்த நகரம் எரிந்தபோது அங்கேயே சாம்பலாயின. பக்கிங்காம் கவுண்டியின் நீதிமன்றம் 1869ல் எரிந்தது. 1790ஆம் வருட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வர்ஜீனியா, கென்டக்கித் தாள்களும் இன்று இல்லை. ஆனாலும் எரிந்த கவுண்டி என்று கைகழுவுவதற்குமுன் சிலவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். தாய்க் கவுண்டியின் பதிவு தப்பியிருக்கலாம். நில மானியங்கள் கவுண்டியில் அல்ல, மாநில நில அலுவலகத்தில் பதிவானவை; வர்ஜீனியா மாநில நூலகத்திலும் கென்டக்கி நில அலுவலகத்திலும் அவற்றை இணையத்திலேயே தேடலாம். வரிப் பட்டியலின் ஒரு படி தலைநகருக்குப் போனது, அது தப்பியிருக்கும். அப்பா வாங்கிய நிலத்தை முப்பது வருடம் கழித்துப் பிள்ளைகள் பங்கு பிரித்து விற்கும்போது, குடும்பத்தின் பெயரெல்லாம் வரிசையாக வரும் பத்திரம் புதுக் கவுண்டியில் பதிவாகியிருக்கும். மூலப் பத்திரத்தைவிட இதில்தான் உறவுமுறை தெளிவாக இருக்கும்.

கண்டுபிடித்ததை எழுதிவைப்பதிலும் கவனம் வேண்டும். குடும்ப மர ஆப்கள் ஊர்ப் பெயரைத் தட்டும்போதே இன்றைய முகவரியை நீட்டும். அதை ஏற்றுக்கொண்டால் 1743ல் பிறந்த தாமஸ் ஜெஃபர்சன் ஆல்பமார்ல் கவுண்டியில் பிறந்ததாக ஆகிவிடும்; அந்தக் கவுண்டி வந்ததோ 1744ல். அவர் பிறந்த ஷாட்வெல் அப்போது கூச்லண்ட் கவுண்டி. அடுத்து உங்கள் மரத்தைப் பார்த்து நகலெடுப்பவர் நேராகத் தவறான நீதிமன்றத்துக்குப் போவார். அன்றைய கவுண்டியை முதலில் எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் குறிப்பாகச் சேர்ப்பதே சரியான முறை. லிங்கன் 1860ல் தன்னைப் பற்றிச் சுருக்கமாக எழுதியபோது அப்படித்தான் செய்தார்: பிறந்தபோது ஹார்டின், இப்போது புதிதாக அமைந்த லாரூ கவுண்டி என்று இரண்டையும் குறிப்பிட்டார். ஆப்பில் ஒரே ஒரு இடப் பெட்டிதான் இருக்கிறதென்றால் அன்றைய பெயரை அதில் போட்டுவிட்டு, இன்றைய கவுண்டியையும் ஓடையின் பெயரையும் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்.