படகுக்கும் ஜெட் ஸ்கீக்கும் இன்சூரன்ஸ்: அமெரிக்காவில் முதல்முறை எடுப்பவர்களுக்கு

காருக்கு இன்சூரன்ஸ் எடுத்துப் பழகியவர்கள் படகு வாங்கியதும் அதே கணக்கைத்தான் போடுவார்கள். நாலு கம்பெனியில் விலை கேட்பது, குறைவாகச் சொன்னவரிடம் எடுப்பது. காரில் இது ஓரளவு சரிப்படும், ஏனென்றால் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று ஏறக்குறைய எல்லா மாநிலச் சட்டமும் சொல்லிவிடுகிறது. படகுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அப்படிக் கட்டாயம் கிடையாது. ஆர்கன்சாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் படகுக்கும் எல்லா ஜெட் ஸ்கீக்கும் குறைந்தது 50,000 டாலர் லயபிலிட்டி, அதாவது பிறருக்கு ஆகும் காயத்துக்கும் சேதத்துக்கும் தரும் கவரேஜ், வேண்டும். யூட்டாவிலும் கட்டாயம் உண்டு. மற்ற ஊர்களில் பாலிசியைக் கேட்கப்போவது கடன் கொடுத்த பேங்க்கும் படகை நிறுத்தும் மெரினாவும்தான். சட்டம் அதிகம் தலையிடாததால் ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் பாலிசி எழுதுகிறது. இரண்டு பேர் "ஃபுல் கவரேஜ்" என்று விற்பதில் ஒன்று மூழ்கிய படகுக்குப் பணம் தரும், இன்னொன்று தராது.

அதனால் விலையைக் கடைசியில் பாருங்கள். உங்கள் படகு எந்தெந்த வழியில் மூழ்கும், திருடு போகும், யாரை இடிக்கும் என்று முதலில் யோசித்து, அந்த வழிகளைப் பாலிசி மூடுகிறதா என்று பார்ப்பதுதான் இந்தப் படிகளின் வேலை.

படி 1: விவரங்களை எடுத்து வையுங்கள்

படகின் பின்பலகையில், வலப்பக்க மேல்மூலையில், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஹல் எண், அதாவது படகின் அடையாள எண், பொறித்திருக்கும். 1972 நவம்பருக்குப் பின் தயாரான படகுகளுக்கு இது கட்டாயம். ஜெட் ஸ்கீக்கும் உண்டு. அதைப் பதிவுச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குத் தனி சீரியல் எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். படகை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் கழற்றிப் போவது கடலோர ஊர்களில் சகஜம். குதிரைத்திறன், வாங்கிய விலை, ட்ரெய்லர் எண், எங்கே நிற்கும், யார் யார் ஓட்டுவார்கள், அவர்கள் வயது ஆகியவையும் தேவைப்படும்.

படி 2: வீட்டு பாலிசியை நம்பலாமா என்று பாருங்கள்

கயாக், துடுப்புப் படகு அளவில் நம்பலாம். அதற்கு மேல் கஷ்டம். பரவலாகப் புழங்கும் வீட்டு பாலிசிப் படிவத்தில் படகு, மோட்டார், ட்ரெய்லர், சாமான் எல்லாம் சேர்த்து 1,500 டாலர்தான் உச்சவரம்பு. வீட்டு வளாகத்துக்கு வெளியே திருடு போனால் அதுவும் இல்லை. காற்றில் சேதமானால், நாலு பக்கமும் மூடிய கட்டடத்துக்குள் நின்றிருக்க வேண்டும். உங்களுக்குச் சொந்தமான, 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட அவுட்போர்டு படகால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் அது பொறுப்பேற்காது. சொந்த ஜெட் ஸ்கீயைப் பெரும்பாலும் முழுக்கவே ஒதுக்கிவிடும்.

ட்ரெய்லரில் ஒரு குழப்பம் உண்டு. காரோடு கோத்து இழுக்கும்போது பிறரை இடித்தால் பொதுவாகக் காரின் லயபிலிட்டி கைகொடுக்கும். ட்ரெய்லருக்கே ஆகும் சேதத்துக்கு அது உதவாது. படகு பாலிசியில் ட்ரெய்லரைத் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 3: படகின் மதிப்பை எப்படி எழுதுவது

இரண்டு முறை உண்டு. அக்ரீட் வேல்யூவில் படகு முழுசாகப் போனால் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்கிறோம். ஆக்சுவல் கேஷ் வேல்யூவில் போன அன்றைக்குச் சந்தையில் என்ன பெறுமோ அதைத்தான் தருவார்கள்.

30,000 டாலருக்கு ஒரு 22 அடிப் படகு வாங்கி, நாலு வருஷம் கழித்து அது எரிந்துபோகிறது என்று வையுங்கள். அன்றைய சந்தை விலை 19,000. முதல் முறையில் 30,000 வரும், இரண்டாவதில் 19,000. பேங்க்கில் இன்னும் 22,000 கடன் பாக்கி இருந்தால் மிச்சம் 3,000 உங்கள் கையிலிருந்து போகும். கடனில் வாங்கியவர்கள் அக்ரீட் வேல்யூவைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கடன் இல்லாத பழைய சின்ன படகுக்கு இரண்டாவது முறை போதும், பிரீமியமும் குறையும்.

அக்ரீட் வேல்யூ பாலிசியிலும் ஒரு வரியைத் தேடுங்கள்: பகுதிச் சேதத்துக்குப் புதுப் பொருளின் விலை தருவார்களா, தேய்மானம் கழிப்பார்களா? கான்வாஸ், பாய்மரத் துணி, பழைய அவுட்போர்டு, ட்ரெய்லர் ஆகியவற்றுக்குத் தேய்மானம் கழிப்பது பல பாலிசிகளில் வழக்கம்.

டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு சேதத்திலும் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை, பெரும்பாலும் படகின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். 30,000க்கு 2 சதவீதம் என்றால் 600. ஃபுளோரிடா, லூசியானா போன்ற கரைகளில் பெயரிட்ட புயலுக்கு வேறு சதவீதம் போடுவார்கள். அது 10 என்றால் 3,000 டாலர். புயல் எச்சரிக்கை வந்ததும் படகைக் கரையேற்றும் செலவில் பங்கு தரும் பாலிசியா என்றும் கேளுங்கள்.

படி 4: லயபிலிட்டியும் மூழ்கிய படகும்

படகின் விலைக்கு ஒரு எல்லை உண்டு, அது பிறருக்குச் செய்யும் காயத்துக்கு எல்லை இல்லை. பல மெரினாக்கள் 300,000 டாலராவது கேட்கும். வீடும் சேமிப்பும் இருப்பவர்கள் அதற்கும் மேலே போய், அம்ப்ரெல்லா பாலிசி (வீடு, கார் பாலிசிகளின் லயபிலிட்டி வரம்பு தீர்ந்தபின் கைகொடுக்கும் கூடுதல் பாலிசி) இருந்தால் படகும் அதன் கீழ் வருகிறதா என்று எழுத்தில் வாங்க வேண்டும். இன்சூரன்ஸே இல்லாத படகு வந்து உங்களை இடிக்கலாம். அதற்கென்று தனிக் கவரேஜ் உண்டு. கட்டாயம் இல்லாத மாநிலங்களில் இதை விடாதீர்கள்.

எல்லோரும் மறப்பது மூழ்கிய படகைத் தூக்கும் செலவை. படகு போய்த் தொலையட்டும் என்று விட முடியாது. கப்பல் வழியை மறித்தால் உரிமையாளர்தான் அகற்ற வேண்டும் என்பது ஃபெடரல் சட்டம். எண்ணெய் கசிந்தால் 1990ஆம் ஆண்டு எண்ணெய் மாசுச் சட்டப்படி சுத்தம் செய்யும் செலவும் உரிமையாளர் தலையில்தான். இந்தத் தொகை படகின் மதிப்புக்குள் அடங்குகிறதா, தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே அடங்கினால், 30,000 டாலர் படகைத் தூக்க 12,000 ஆனதும் உங்களுக்கு வருவது 18,000தான்.

படி 5: இழுவையும் மீட்பும் வேறு

பெட்ரோல் தீர்ந்தது, பேட்டரி இறங்கியது, மணல்திட்டில் லேசாகத் தட்டியது என்றால் இழுத்து வருவார்கள். போட்யூஎஸ், சீ டோ போன்ற இழுவைச் சேவைகளின் உறுப்பினர் திட்டம் இதற்குத்தான். தண்ணீர் உள்ளே ஏறுகிறது, படகு பாறையில் மோதிக்கொண்டிருக்கிறது என்றால் அது மீட்புப் பணி. அதற்கான கூலியைப் படகின் மதிப்பையும் ஆபத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள், ஆயிரக்கணக்கில் போகும். வருகிறவரிடம் கயிற்றைக் கொடுக்கும் முன், "இது இழுவையா, மீட்பா? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மீட்புச் செலவு பாலிசியில் இருக்க வேண்டும். இழுவைக்கு உறுப்பினர் அட்டை போதும்.

படி 6: விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள்

நடுக்கடலில் மூழ்குவதைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். கட்டிய இடத்திலேயே ராத்திரியில் மூழ்கும் படகுகள் ஏராளம். ஸ்டெர்ன்டிரைவ் மோட்டார் படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்ஜின் உள்ளே இருக்கும், விசிறியைச் சுழற்றும் டிரைவ் பின்பலகைக்கு வெளியே இருக்கும். பின்பலகையில் டிரைவ் சேரும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும், அதைப் பெல்லோஸ் என்பார்கள். டிரைவைத் தூக்கியே நிறுத்தினால் அதன் மடிப்பில் விரிசல் விழும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு அதை இறைத்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள், தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் ஃப்ளோட் ஸ்விட்சில் குப்பை சிக்கும், அல்லது பேட்டரி தீரும். விடிந்தால் கயிறு மட்டும் விறைத்து நிற்கும்.

கம்பெனி என்ன சொல்லும்? ரப்பர் விரிசல் தேய்மானம், தேய்மானத்துக்குக் கவரேஜ் இல்லை. இதைத் தடுக்கும் பிரிவுதான் கான்சீக்வென்ஷியல் டேமேஜ் கவரேஜ். பழுதான பெல்லோஸுக்குப் பணம் வராது, அதனால் மூழ்கிய படகுக்கு வரும். தண்ணீரில் கட்டிவைக்கிற படகுக்கு இது இல்லாத பாலிசியை, எவ்வளவு மலிவானாலும், எடுக்கவே கூடாது. சில கம்பெனிகள் மூழ்குதல், தீ போன்ற சிலவற்றுக்கு மட்டும் இதைத் தருவதால் பட்டியலையும் பாருங்கள்.

மிச்சிகன், மின்னசோட்டா பக்கம் இருப்பவர்கள் உறைபனி விலக்கைத் தேட வேண்டும். என்ஜினில் தங்கிய தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்தால் பல பாலிசிகள் தராது. தரும் பாலிசியும் குளிர்காலத் தயாரிப்புக்கான ரசீதைக் கேட்கும். குளிர்காலம் முழுக்கப் படகை ஓட்டமாட்டோம் என்று எழுதிக்கொடுத்துத் தள்ளுபடி வாங்கியிருந்தால் அந்தத் தேதிகளை மறக்காதீர்கள். ஏப்ரல் 15 வரை என்று எழுதிவிட்டு, வெயில் வந்ததே என்று 10ஆம் தேதி இறக்கினால் அன்றைய விபத்து உங்கள் செலவு. கடல் எல்லையும் இப்படித்தான். ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸ் கைக்கெட்டும் தூரம், ஆனால் பல பாலிசிகளின் எல்லை அமெரிக்கக் கரையோரத்தோடு முடிந்துவிடும். வாடகைக்கு விடுவது, ஆப் மூலமாக ஒருநாள் கொடுப்பது உட்பட, ஏறக்குறைய எல்லாச் சொந்த உபயோகப் பாலிசியிலும் விலக்குதான்.

படி 7: ஜெட் ஸ்கீக்குத் தனியாகப் பார்க்க வேண்டியவை

ஜெட் ஸ்கீ தண்ணீரைப் பின்னால் பீச்சித்தான் திரும்புகிறது. பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் வண்டி நேராகவே போகும். புதியவர்கள் இடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே யார் ஓட்டலாம் என்ற பிரிவுதான் இங்கே உயிர்நாடி. நண்பர் ஓட்டினால் கவரேஜ் உண்டா, பிள்ளைகளுக்கு வயது வரம்பு என்ன, பெயர் சேர்த்தே ஆகவேண்டுமா என்று கேளுங்கள். ஃபுளோரிடாவில் 14 வயதுக்குக் கீழே ஓட்டவே கூடாது. 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் படகுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்குப் பல கம்பெனிகள் தள்ளுபடியும் தரும்.

பின்னால் உட்கார்ந்தவர் ஜெட் பீச்சும் இடத்தில் விழுந்தால் உள்காயம் கடுமையாக இருக்கும். வெட்சூட் கால்சட்டை போடச் சொல்லி வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருப்பது அதற்காகத்தான். பயணியின் காயத்துக்கும், பின்னால் காற்றடைத்த டியூபில் இழுத்துச் செல்லப்படுபவரின் காயத்துக்கும் லயபிலிட்டி உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மணலோ கயிறோ உறிஞ்சப்பட்டுப் பம்பு உடைவதற்குப் பெரும்பாலும் கவரேஜ் இருக்காது.

படி 8: விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள்

பழைய படகுக்கு, படகைப் பரிசோதித்து நிலையையும் மதிப்பையும் சொல்லும் சர்வேயரின் அறிக்கை கேட்பார்கள். அதில் உள்ள குறைகளைச் சரிசெய்து ரசீது அனுப்புங்கள், அப்படியே விட்டால் க்ளெய்ம் அன்று அது எதிரே வந்து நிற்கும். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் அருகே 2019இல் ஒரு உல்லாசப் படகு தரைதட்டியது. தீயே பிடிக்கவில்லை. ஆனாலும் தீயணைப்புச் சாதனங்களை உரிய காலத்தில் பரிசோதித்துச் சான்று பெறவில்லை என்று சொல்லி கிரேட் லேக்ஸ் இன்சூரன்ஸ் பணம் தர மறுத்தது. இப்படி மறுப்பது செல்லுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், எந்தச் சட்டம் பொருந்தும் என்ற கேள்வியோடு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. எந்த மாநிலச் சட்டம் பொருந்தும் என்று பாலிசியில் எழுதியிருந்தால் பொதுவாக அதுவே செல்லும் என்று 2024 பிப்ரவரியில் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. எனவே "எந்த மாநிலச் சட்டம்" என்ற வரியையும், நீங்கள் உறுதி கொடுக்கும் ஒவ்வொரு பராமரிப்பு வரியையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

படி 9: இப்போது விலை கேளுங்கள்

மூன்று இடத்திலாவது, ஒரே மதிப்பு, ஒரே லயபிலிட்டி, ஒரே டிடக்டிபிள் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால் ஏதோ ஒன்றை எடுத்திருக்கிறார், பெரும்பாலும் அது படி 6இல் இருக்கும். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொன்னதை ஈமெயிலில் வாங்குங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் அதன் முதல் பக்கத்தில் ஹல் எண், ஓட்டுபவர்கள், கடல் எல்லை, நிறுத்திவைக்கும் தேதிகள் ஆகிய நான்கையும் சரிபார்த்துவிட்டுப் படகை இறக்குங்கள். விபத்தில் உயிரிழப்பு, முதலுதவிக்கு மேற்பட்ட காயம், ஆள் காணாமல் போவது, 2,000 டாலரோ அதற்கு மேலோ சேதம் என்றால் மாநில அதிகாரிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். காயம், ஆள் காணாமல் போதல், அல்லது விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் இறப்பு என்றால் 48 மணி நேரம், வெறும் சேதம் என்றால் 10 நாள் அவகாசம். மூழ்கிய படகைத் தூக்கியதும், சேதத்தை மதிப்பிடும் கம்பெனி ஆளான அட்ஜஸ்டர் வரட்டும் என்று என்ஜினை அப்படியே போட்டுவைக்காதீர்கள். போட்டோ எடுத்துக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டு நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் ஏற்றச் சொல்லுங்கள். சேதம் பெருகாமல் பார்ப்பது பாலிசிப்படி உங்கள் கடமை, அதற்கான நியாயமான செலவைப் பொதுவாகக் கம்பெனி திருப்பித் தரும்.