சட்டைப்பையில் அடங்கும் பெரிய சென்சார் கேமரா: தேர்ந்தெடுக்கும் முறை

பெரிய சென்சாரும் (ஒளியைப் படமாக்கும் தகடு) ஒற்றைக் குவியத் தூர லென்ஸும் (ஜூம் இல்லாதது) கொண்ட சிறிய கேமரா வேண்டுமென்றால், முதற்படியாகக் கேனன், நிக்கான் ஆகிய பெயர்களை ஒதுக்கிவிடுங்கள். நிக்கான் 2013இல் வெளியிட்ட கூல்பிக்ஸ் ஏ கேமராவுக்கு வாரிசு வரவில்லை. 2016இல் அறிவித்த டிஎல் என்ற சிறிய கேமரா வரிசையை, செலவு கூடி, எதிர்பார்த்த விற்பனையும் குறைந்ததால், கடைக்கு வருமுன்னரே 2017இல் கைவிட்டது. லென்ஸ் மாற்றும் கேமராவை வாங்கியவர் லென்ஸுக்காக மீண்டும் வருவார், லென்ஸ் மாற்ற முடியாத இத்தகைய சிறு கேமராவை வாங்கியவர் வரமாட்டார் என்பதே பெரிய நிறுவனங்களின் கணக்கு என்று நினைக்கிறேன். அலுவலக அச்சு இயந்திரங்களை முதன்மைத் தொழிலாகக் கொண்ட ரிக்கோவோ, கேமராவைச் சிறு பிரிவாக வைத்துக்கொண்டு, இத்தகைய சிறு கேமராக்களான ஜிஆர் வரிசையை விடாமல் தொடர்கிறது. ஃபூஜிஃபிலிமின் எக்ஸ்100 வரிசையும் நல்லதுதான். ஆனால் சட்டைப்பைக்கு அது பெரிது.

அடுத்து, குவியத் தூரம்; லென்ஸ் எவ்வளவு அகலமான காட்சியைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் அளவு இது, எண் கூடினால் காட்சி குறுகும். ஜிஆர் 3 கேமராவின் 28 மி.மீ. பார்வை ஏறக்குறைய கைப்பேசியின் பார்வையே. ஜிஆர் 3எக்ஸ் 40 மி.மீ. கைப்பேசிக் கேமராவை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால் இந்த 40இன் பார்வை கிடைக்கும்; அப்படி வைத்துக்கொண்டு குமரி மாவட்டத்தின் தோவாளை பூச்சந்தையில் ஒரு காலை நடந்தால், எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது புரிந்துவிடும். முகங்களை எடுப்பவர்களுக்கு நான் 40ஐயே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது படியில்தான் பொறுமை வேண்டும். லென்ஸ் நீண்டு உள்வாங்கும் கேமராக்களில் தூசி நுழைந்து சென்சாரில் படியலாம். லென்ஸைக் கழற்ற முடியாததால், ஊதித் துடைக்க வழியின்றி, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உடலையே பிரிக்க வேண்டியிருக்கும். எனவே பழைய கேமரா வாங்கும்போது கடையிலேயே லென்ஸின் ஒளித்துளையைச் சிறிய அளவான எஃப்16இல் வைத்து, குவியத்தைக் கலைத்து, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். முட்டம், சொத்தவிளை போன்ற கடற்கரைகளில் உப்புக்காற்று மணலோடு சேர்ந்து வீசும்; கேமராவை அணைத்து உறையில் இட்ட பின்னரே மணலில் இறங்குங்கள்.

பின்சேர்க்கை: கடலில் இறங்கிப் படமெடுக்க எது ஏற்றது என்று கேட்டவர்களுக்கு, 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 போதும். ஒலிம்பஸிலிருந்து 2021இல் பிரிந்த சிறிய நிறுவனத்தின் கேமரா அது. அதன் சென்சார் சிறியதாகையால், பத்மநாபபுரம் அரண்மனையின் இருண்ட அறைகளுக்கு அதை நம்ப வேண்டாம்.