மெட்சுக்குப் போகும் வழியில் அரை மணி நேரம் போன்: பாதிப்பை நீங்களே அளந்து பார்க்கும் முறை

களுவாஞ்சிக்குடியில் இருந்து மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்கு வான் வண்டியில் முக்கால் மணி நேரம் போகும். போன வருசம் எங்கள் பொடியன்களை உதைபந்தாட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனபோது, ஆரையம்பதி வரைக்கும் வானுக்குள் பேச்சு மூச்சு இல்லை. திரும்பிப் பார்த்தால் எல்லாத் தலையும் குனிந்திருக்கிறது, பெருவிரல் மட்டும் ஓடுகிறது.

மெட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒருவனுக்கு நல்ல பந்து வந்தது. இடப்பக்கம் நம்ம ஆள் கையை உயர்த்திக்கொண்டு தனியாக நிற்கிறான். இவன் பந்தை நிறுத்தி, பார்த்து, அடிப்பதற்குள் எதிரணிக் கால் குறுக்கே வந்துவிட்டது. இடைவேளையில் கேட்டேன். “ஆளைக் கண்டன் சேர், அடிச்சன். ஆனா பிந்திட்டு.”

ஒரு மெட்சை வைத்துப் போன் மேல் பழி போட மாட்டேன். ஆனால் இந்த ‘பிந்திட்டு’ வேறு இடங்களிலும் அளக்கப்பட்டிருக்கிறது. பிரேசில் வீரர்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், விளையாடுவதற்கு முன் 15 நிமிடம் போன் பார்த்தபோது பெரிய பாதிப்பு இல்லை. 30, 45 நிமிடம் பார்த்த நாட்களில், யாருக்குப் பாஸ் கொடுப்பது என்ற முடிவுகள் கெட்டுப்போயின.

இதில் திரைக்கு எவ்வளவு பங்கு? மார்கோரா என்ற ஆய்வாளரின் குழு 2009இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் தருகிறது. 90 நிமிடம் கணினியில் கவனத்தைப் பிழியும் வேலை செய்தவர்கள், பிறகு சைக்கிளை சராசரியாக 640 வினாடிதான் மிதித்தார்கள். அதே ஆட்கள், அதே 90 நிமிடமும் ஆவணப்படம் பார்த்த நாளில் 754 வினாடி தாக்குப்பிடித்தார்கள். இரண்டு நாளும் திரைக்கு முன்னால்தான் இருந்தார்கள்! இதயத் துடிப்பிலும் விளக்கம் கிடைக்கவில்லை. களைத்த மூளைக்கு அதே மிதி அதிகப் பாரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ரீல்ஸ் தள்ளும்போதும் வினாடிக்கு வினாடி ‘பார்ப்பதா, விடுவதா’ என்று மூளை முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. என் கணிப்பில் களைப்பு அங்கேதான் ஏறுகிறது.

சரி, இனிச் சோதனைக்கு வருவோம். நாலு பேர், ஒரு பந்து, ஒரு சுவர், வெண்கட்டி, கரித்துண்டு, ஒரு கொப்பி போதும்.

படி 1: சுவரில் தரையோடு ஒட்டி இரண்டு பெட்டி கீறுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் அகலம். ஒன்றை வெண்கட்டியால், மற்றதைக் கரியால். அடிப்பவர் ஏழெட்டு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்.

படி 2: ஒருவர் பந்தை உருட்டிவிட வேண்டும். பந்து பாதி தூரம் வந்ததும் அவரே ‘வெள்ளை’ அல்லது ‘கரி’ என்று கத்த வேண்டும், முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. அடிப்பவர் பந்தை நிறுத்தாமல் அந்தப் பெட்டிக்குள் அடிக்க வேண்டும். இருபது பந்து. மூன்றாமவர் கொப்பியில் எழுதட்டும். வெறுமனே பலமாக அடிக்கச் சொன்னால் வித்தியாசம் தெரியாது, கடைசி நொடியில் தெரிவு இருக்க வேண்டும்.

படி 3: ஒரு நாள் எல்லாரும் சும்மா பழகுங்கள், கணக்கு வேண்டாம். இதை விட்டால், இரண்டாம் நாள் பழக்கத்தாலேயே புள்ளி கூடிவிடும்.

படி 4: இதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். முதல் சோதனை நாளில் இரண்டு பேர் அரை மணி நேரம் போன் பார்க்கட்டும், மற்ற இருவர் மரத்துக்குக் கீழ் கதைத்துக்கொண்டு இருக்கட்டும். உடனே இருபது பந்து. ஒரு நாள் விட்டு, ஆட்களை மாற்றிச் செய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே நேரம், வெயில் தணிந்த பிறகு. ஒரு நாள் கச்சான் காற்று அடித்து மறுநாள் அடிக்காவிட்டால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள்.

படி 5: ஆளுக்கு ஒரு பந்து, இரண்டு பந்து வித்தியாசம் தற்செயலாகவும் வரும். நாலு பேருக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் யோசியுங்கள். அடுத்த கிழமை திரும்பச் செய்து பார்த்தால் இன்னும் நல்லது.

ஓட்ட வீரர்கள் கேட்பார்கள், எங்களுக்கும் இதே கதையா என்று. நீச்சல் வீரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், போன் பார்த்த பிறகு 100, 200 மீற்றரில் நேரம் கூடியது, 50 மீற்றரில் கூடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுப்பலத்தையும் கொட்டும் குறுந்தூரத்துக்கு நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

படி 6: போட்டி நாள். போனைத் தடை செய்யாதீர்கள், ஒளித்து வைத்துப் பார்ப்பார்கள். மைதானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது (எங்களைப் போல வழி அதைவிடக் குறைவென்றால் வானில் ஏறும்போதே) எல்லாப் போனும் ஒரே பைக்குள் போகட்டும். பாட்டுக் கேட்பதென்றால் வானின் ஸ்பீக்கரில் எல்லாருக்குமாகப் போடுங்கள். வீட்டில் இருந்து அழைப்பு வரும் என்பவர்கள், முதல் நாளே உங்கள் நம்பரை அம்மாவிடம் கொடுத்துவிடட்டும். எங்கள் பை சாரதியின் சீற்றுக்குப் பின்னால் தொங்குகிறது. “சேர், உங்கட போன்?” என்று முதல் நாளே கேட்டுவிட்டார்கள், அதனால் என்னுடையதும் அதற்குள்தான்.