மன்னிப்பதில் நாம் செய்யும் தவறுகள்: கணக்கே பார்க்காமல் தள்ளுபடியா?

பல வருடங்களுக்கு முன் நெருங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தார். நான் நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை நாலு பேரிடம் சொல்லியிருந்தார். அவர் பேச்சை ஆரம்பித்ததுமே, "அட, பரவாயில்லை, அதையெல்லாம் விடுங்க" என்று நான் முந்திக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கையில் இருந்த சாவியைக் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனார். நல்ல கிறிஸ்தவனாக நடந்துகொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஆறு மாதம் அவர் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை.

"பரவாயில்லை" என்றால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். மன்னிப்போ, நடந்தது தவறுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகு வருவது. இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பைபிளில் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் சீடர் பேதுரு இயேசுவிடம், "எத்தனைதரம் மன்னிக்கவேண்டும், ஏழுதரமா?" என்று கேட்கிறார். ஏழெழுபதுதரம் என்று பதில் சொன்ன இயேசு, உடனே ஒரு கதையும் சொல்கிறார். அந்தக் கதை மன்னிப்பில் தொடங்கவில்லை, ஒரு ராஜா கணக்குப் பார்க்க உட்காருவதில் தொடங்குகிறது. வேலைக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து என்று தெரிந்த பிறகுதான் ராஜா மனதுருகி அதைத் தள்ளுபடி செய்கிறார். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அப்படியானால் ஒருநாள் விடாமல் உழைத்தாலும் அதை அடைக்க 1,60,000 ஆண்டுகளுக்குமேல் ஆகும். யாராலும் அடைக்க முடியாத கடன்.

வெளியே போன அந்த வேலைக்காரன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். நூறு என்பதை அற்பக் காசு என்று சொல்லிவிட்டுப் போகிற பிரசங்கங்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி! ஒரு குடும்பத்தையே ஆட்டிவைக்கும் தொகை. இயேசு வேண்டுமானால் இரண்டு காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நமக்கு மற்றவர்கள் செய்யும் தீங்கு உண்மையான தீங்கு என்பதை அவர் மறைக்கவில்லை. தேவன் நமக்குத் தள்ளுபடி செய்ததோடு ஒப்பிட்டால்தான் அது சிறியது. அதனால் காயப்பட்டு வந்திருப்பவரிடம் "சின்ன விஷயத்துக்கா இவ்வளவு?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கதையின் முடிவில் ராஜா அந்த வேலைக்காரனைத் தண்டிப்பதை வைத்து, "நீ மன்னிக்காவிட்டால் தேவனும் உன்னை மன்னிக்கமாட்டார்" என்று அழுதுகொண்டிருப்பவரைப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. எச்சரிக்கை உண்மைதான், மத்தேயு 6:15-ல் அப்படியே இருக்கிறது. ஆனால் அது தொண்டையை நெரிக்கிறவனுக்கு. வலி ஆறாமல் தவிக்கிறவரும் மன்னிக்கவே மாட்டேன் என்கிறவரும் ஒன்றல்ல.

அடுத்தது, தட்டிக் கேட்பது மன்னிப்புக்கு எதிரானது என்ற எண்ணம். லூக்கா 17:3-ல் "அவனைக் கடிந்துகொள்" என்பதுதான் முதலில் வருகிறது, மன்னிப்பது அதன் பின்னால். மறு கன்னத்தையும் காட்டச் சொன்ன இயேசுவே, பிரதான ஆசாரியன் முன்பு ஒரு சேவகன் அறைந்தபோது, "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார். பதிலுக்கு அடிக்கவில்லை. ஆனால் அடித்தது சரியென்றும் விட்டுவிடவில்லை.

நான் மிகவும் கவலைப்படும் தவறு, மன்னித்தால் திரும்பிப் போயே ஆகவேண்டும் என்பது. அடித்து நொறுக்கும் கணவனிடம் ஒரு பெண்ணை ஜெபம்பண்ணி அனுப்பிவைப்பது இரக்கம் இல்லை. தாவீதைப் பாருங்கள். சவுல் ராஜா அவர்மேல் ஈட்டி எறிந்தவன். அவனைக் கொல்ல இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தும் தாவீது கை வைக்கவில்லை. இரண்டாவது முறை சவுல், "திரும்பிவா, இனி உனக்குப் பொல்லாப்பு செய்யமாட்டேன்" என்று அழைக்கிறான். தாவீது, தான் எடுத்து வந்திருந்த சவுலின் ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் அவனோடு போகவில்லை. தன் வழியே போய்விட்டார். பழிவாங்காமல் விடுவது ஒன்று, மறுபடி நம்புவது வேறு. நம்பிக்கை வர, தவறு செய்தவர் மாறியிருக்க வேண்டும், காலமும் ஆகும்.

சட்டத்தையும் இதில் கலக்க வேண்டாம். போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். நாலே நாளில், மருத்துவமனையில் இருந்தபடியே, சுட்டவரை மன்னிப்பதாக அறிவித்தார். 1983-ல் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அந்த மனிதர் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். புகார் கொடுத்தவர் மன்னிக்காதவர் என்று சபையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், கேட்காதவரிடம் போய் "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். அது அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். மாற்கு 11:25 சொல்வதுபோல் ஜெபத்தில் நிற்கும்போதே மன்னித்துவிடலாம். அவரிடம் பேச வேண்டியிருந்தால் நடந்ததைப் பேசுங்கள்.

ஒருமுறை சொன்னால் போதும் என்பதும் தவறுதான். யோசேப்பு தன்னை விற்ற சகோதரர்களைக் கட்டிக்கொண்டு அழுதார், எகிப்தில் குடியமர்த்தினார். பதினேழு ஆண்டுகள் கழித்துத் தகப்பன் யாக்கோபு இறந்ததும், இனி இவன் பழிவாங்குவான் என்று பயந்து அவர்கள் மறுபடியும் மன்னிப்புக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். யோசேப்பு அதைக் கேட்டு அழுதார். "அதான் அப்போதே சொன்னேனே" என்று சலித்துக்கொள்ளவில்லை. நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள் என்று, நடந்ததை நடந்தபடியே அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். பிறகு, உங்களையும் உங்கள் குழந்தைகளையும் நான் பராமரிப்பேன் என்று அவர்களைத் தேற்றி, பட்சமாய்ப் பேசினார்.