நாய்க்கு கண் ஆபரேஷன் முடிஞ்சப்புறம் நம்மாளுங்க பண்ற தப்புங்க

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் லேப்ரடார், ஸ்பிட்ஸ் வளர்க்கறவங்க கண்ணுல பொரை விழுந்தா பெங்களூரு இல்லனா சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரின்னு தூக்கிட்டு ஓடறாங்க, செலவு பண்ணி ஆபரேஷனும் பண்றாங்க, ஆனா அடுத்த செக்கப்னு வந்தா மட்டும் கார் வாடகை, எலக்ட்ரானிக் சிட்டி ட்ராஃபிக்னு சொல்லி தள்ளிப் போட்டுடறாங்க. நாய் நல்லா ஓடியாடுதே, அப்புறம் எதுக்குன்னு கேக்கறாங்க. அங்கதாங்க கிளாகோமா, அதாவது கண்ணுக்குள்ள ப்ரஷர் ஏறி பார்வையைக் கெடுக்கற நோய், மாட்டுது.

கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் வடிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆபரேஷனுக்கப்புறம் உள்ள வீங்கி வடிகால் அடைச்சா ப்ரஷர் ஏறிடும். நாய்க்கு சாதாரணமா 10-லேர்ந்து 25 மி.மீ. மெர்குரிக்குள்ள இருக்கணும், ரொம்ப ஏறினா ஒண்ணு ரெண்டு நாள்லயே பார்வை நரம்பு செத்து பார்வை போயிடலாம், போனது வராது. மொத நாள்லயே ஏறலாம், மாசக்கணக்குல, வருஷம் கழிச்சும் வரலாம். லேப்ரடார், காக்கர் ஸ்பேனியலுக்கு கொஞ்சம் ஜாஸ்தியாவே வருது.

கண்ணு செவந்தா "ஆபரேஷன் பண்ண கண்ணு, செவக்கத்தான் செய்யும்"னு காலைல பாத்துக்கலாம்னு படுத்துடாதீங்க. கண்ணு வெள்ளைல ரத்தக்குழாய் தடிச்சுத் தெரியுது, கருவிழி புகை மூடின மாதிரி நீலமா இருக்கு, டார்ச் அடிச்சாலும் கண்ணு பாப்பா (நடுவுல இருக்கற கருப்பு வட்டம்) சுருங்கல, தலைய தொட்டா விலகுது, சோறு வெச்சா மூலைல போய் சுருண்டுக்குது, இதுல எது தெரிஞ்சாலும் ராத்திரியா இருந்தாலும் அப்பவே டாக்டருக்கு போன் போடுங்க. விரல்ல அமுக்கிப் பாத்தெல்லாம் ப்ரஷர் சொல்ல முடியாது, கண்ணு ப்ரஷர் பாக்கற கருவி, டோனோமீட்டர் வேணும், நம்ம ஊர்ல அது எந்த க்ளினிக்ல இருக்குன்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கங்க.

சொட்டு மருந்து விஷயத்துல நடக்கற கூத்து தனி. செவப்பு போச்சுன்னு வீக்கத்தைக் குறைக்கற ஸ்டீராய்டு சொட்டை திடீர்னு நிறுத்தறது, பாட்டிக்கு வாங்குன சொட்டு மிச்சம் இருக்கேன்னு விடறது (அது பாப்பாவை விரிக்கற அட்ரோபினா இருந்தா ப்ரஷர் இன்னும் ஏறலாம்), விளக்கெண்ணெய், தாய்ப்பால்னு பக்கத்து வீட்டு வைத்தியம் வேற. ரெண்டு சொட்டு எழுதியிருந்தா நடுவுல 5 நிமிஷமாவது விடுங்க, இல்லனா முதல்ல விட்டது கழுவிட்டுப் போயிடும்.

கண்ணை சொறியாம இருக்க நாய் கழுத்துல மாட்டற கூம்பை (கோன்) பாவம்னு கழட்டாதீங்க, ஒரு தடவை பின்னங்காலால சொறிஞ்சா தையல் போச்சு. கழுத்துப் பட்டைல சங்கிலி மாட்டி இழுத்தாலே கண்ணு ப்ரஷர் ஏறும், அதனால நெஞ்சுல மாட்டற ஹார்னெஸ் வாங்கிடுங்க. சுகர் இருக்கற நாயா இருந்தா டாக்டரைக் கேக்காம இன்சுலினை ஒரு வேளை கூட போடாம விட்டுடாதீங்க.